ஓய்வூதியம் தாராளமானால் முதியவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்களா?

அறுபது வயதைக் கடந்த ஒருவர் இன்னும் ஓராண்டு வேலைக்குப் போவதா, இத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று யோசிக்கும்போது அவருடைய உடல்நிலை, வேலையின் கடுமை, பிள்ளைகளின் வருமானம், கணவரோ மனைவியோ ஏற்கெனவே ஓய்வு பெற்றிருப்பது, முதலாளி தொடர்ந்து வைத்துக்கொள்வாரா என்பது எனப் பலவும் அந்த முடிவில் சேர்கின்றன. இவற்றுள் அரசு ஒரு சட்டத்தின் மூலம் நேரடியாக மாற்றக்கூடியது ஓய்வூதியம். அதனால்தான் பொருளாதார ஆய்வாளர்கள் அதைத் தனியே பிரித்தெடுத்துப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஓய்வூதியம் தாராளமாகக் கிடைத்தால் முதியவர்கள் வேலையிலிருந்து முன்னதாகவே விலகுவார்களா, விலகினால் எந்த அளவுக்கு என்பதே அவர்களுடைய கேள்வி.

இந்தக் கேள்வி பொதுவெளியில் பெரும்பாலும் மாதத்தொகையைப் பற்றிய வாக்குவாதமாகவே நடக்கிறது. தொகையை உயர்த்தினால் உழைக்கும் எண்ணம் போய்விடும் என்பார் ஒருவர். உழைக்க முடியாதவர்களுக்குத்தானே கொடுக்கிறோம், அதில் என்ன குறை என்பார் மற்றவர். ஆனால் ஓர் ஓய்வூதியத் திட்டம் தாராளமானதா இல்லையா என்பதைத் தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த வயதிலிருந்து அது கிடைக்கும், அதைப் பெற்றுக்கொண்டே சம்பாதிக்க அனுமதி உண்டா, ஓராண்டு தள்ளிப்போட்டு வாங்கினால் தொகை எவ்வளவு கூடும் என்பவையும் அதில் அடங்கும். வேலை செய்வதா நிறுத்துவதா என்ற முடிவில் இந்த விதிகளுக்கு உள்ள பங்கு, தொகைக்கு உள்ள பங்கைவிடக் குறைந்ததல்ல. பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால் கூடுதல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொகையிலிருந்தே தொடங்கலாம்

கையில் நிலையான வருமானம் ஒன்று வந்துகொண்டிருந்தால், அதே வாழ்க்கைத் தரத்தைக் காக்க முன்பு உழைத்த அளவுக்கு உழைக்க வேண்டிய தேவை குறைகிறது. இதைப் பொருளாதாரத்தில் வருமான விளைவு என்கிறார்கள். ஓய்வும் மனிதர்கள் விரும்பும் ஒன்றுதான். வசதி கூடும்போது மற்றவற்றைப் போலவே ஓய்வையும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்கும்போது எளிதாகத் தோன்றினாலும் அளந்து காட்டுவது கடினம். ஏனென்றால் அதிக ஓய்வூதியம் வாங்குபவர்கள் பெரும்பாலும் வேலைக்காலத்திலும் அதிகச் சம்பளம் வாங்கியவர்களாகவும், அதிகம் படித்தவர்களாகவும், நோய் குறைந்தவர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் சீக்கிரம் ஓய்வு பெற்றாலும் தாமதமாகப் பெற்றாலும் அதற்குக் காரணம் ஓய்வூதியமா மற்றவையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கல் பெருமளவு நீங்கிய ஒரு சூழல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அமைந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் சேர்ந்து போரிட்டவர்களுக்கு அந்நாட்டு அரசு ஓய்வூதியம் வழங்கியது. 1890ஆம் ஆண்டுச் சட்டம், உடற்குறை போரில் ஏற்பட்டதாக இல்லாவிட்டாலும், உடலுழைப்புக்கு இயலாத முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6 முதல் 12 டாலர் வரை தர வழிசெய்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டமோ வயதையே தகுதியாக்கி, 62 வயதில் 12 டாலர், 70 வயதில் 15 டாலர், 75 வயதில் 20 டாலர் என்று நிர்ணயித்தது. மருத்துவர்கள் உடலைச் சோதித்தார்களே தவிர, அந்த வீரர் உண்மையில் வேலைக்குப் போகிறாரா, எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதை வைத்துத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ஆகவே இங்கே வேலையில் நீடிப்பதற்குத் தண்டனையும் இல்லை, விலகுவதற்குப் பரிசும் இல்லை. பணம் மட்டுமே இருந்தது.

டோரா கோஸ்டா என்ற பொருளாதார வரலாற்றாய்வாளர் அந்த வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளை 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார். ஒரே அளவு உடற்குறை உள்ள இருவரில், அது போரில் நேர்ந்தது என்று நிறுவ முடிந்தவருக்குக் கூடுதல் தொகை கிடைத்திருந்தது; அந்த வேறுபாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவியது. கூடுதல் தொகை பெற்றவர்கள் வேலையிலிருந்து விலகியிருப்பதற்கான வாய்ப்பு தெளிவாகவே அதிகமாக இருந்தது. அதாவது, எந்த நிபந்தனையும் இல்லாத பணம்கூட முதியவர்களின் உழைப்பைக் குறைக்கும் என்பது உறுதியாயிற்று. அந்தத் தலைமுறை பணத்துக்கு இவ்வாறு அசைந்த அளவு, பின்னால் வந்த தலைமுறைகளில் குறைந்துவிட்டது என்பதும் கோஸ்டாவின் முடிவுகளில் ஒன்று.

இதோடு இன்னொரு தகவலையும் நினைவில் வைக்க வேண்டும். 1880இல் 65 வயதைக் கடந்த அமெரிக்க ஆண்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1948இல் அது பாதிக்கும் சற்றுக் கீழே வந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆறில் ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கியது. இந்தச் சரிவின் கணிசமான பகுதி, நாடு தழுவிய பொது ஓய்வூதியம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. எனவே ஓய்வூதியம் முழுக் காரணமாக இருக்க முடியாது. சம்பளங்கள் உயர்ந்து சேமிக்க முடிந்தது, விவசாயத்திலிருந்து தொழிற்சாலைக்கு வேலைகள் மாறியது போன்றவையும் சேர்ந்தே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

இன்னும் ஓராண்டு உழைத்தால் என்ன மிஞ்சும்

இனி விதிகளுக்கு வருவோம். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் நிறைவேறியது. அதன்கீழ் முதல் மாதாந்திர ஓய்வூதியம் பெற்றவர் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். சட்ட அலுவலகம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு 1940 ஜனவரி 31 தேதியிட்ட காசோலையில் 22 டாலர் 54 சென்ட் வந்தது. வேலையில் இருந்தபோது அவர் இந்தத் திட்டத்துக்குச் செலுத்தியிருந்த மொத்தத் தொகை 24 டாலர் 75 சென்ட். நூறு வயது வரை வாழ்ந்த அவர் 1975இல் இறக்கும்வரை பெற்றது 22,888 டாலருக்கு மேல். ஒரு திட்டத்தின் முதல் தலைமுறைக்கு எவ்வளவு தாராளம் கிட்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆனால் அந்தத் தாராளத்தோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது. திட்டத்துக்கு உட்பட்ட தொழில்களில் ஒருவர் ஒரு மாதத்தில் 15 டாலரோ அதற்கு மேலோ சம்பாதித்தால், அந்த மாதத்து ஓய்வூதியம் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. ஃபுல்லர் அளவுக்கு ஓய்வூதியம் பெறும் ஒருவர் சின்ன வேலை ஒன்றைச் செய்து சரியாக 15 டாலர் ஈட்டியிருந்தால், 22 டாலர் 54 சென்டை இழந்திருப்பார். உழைத்ததற்காக அவருக்கு ஏழரை டாலர் நட்டம். இதில் விந்தை என்னவென்றால், சட்டம் எழுதியவர்கள் தெரிந்தே இப்படி எழுதினார்கள் என்பதுதான். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து வேலையில்லாத் திண்டாட்டத்தில், முதியவர்கள் விலகி இளைஞர்களுக்கு இடம் விட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணங்களில் ஒன்று. முதியவர் ஒருவர் விலகினால் அந்த இடம் அப்படியே இளைஞர் ஒருவருக்குப் போய்ச் சேரும் என்ற அந்த நம்பிக்கைக்கு, பிற்காலத்தில் பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த நிபந்தனை கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இதே வேலையைச் செய்யும் விதிகளும் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு அதைத் தெளிவாக்கும். ஒருவருக்கு வயது 60, மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேலையை விட்டால் மாதம் 20,000 ரூபாய் ஓய்வூதியம் வரும். வேலையில் தொடர்ந்தால் வராது. அவர் 61 வயதில் ஓய்வு பெற்றாலும் அதே 20,000 ரூபாய்தான் என்றால், அந்த ஓராண்டில் அவர் மாதம் 40,000 ரூபாய்க்கு உழைப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் வீட்டில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பணத்துக்கு மேல் 20,000 ரூபாய்க்குத்தான் உழைக்கிறார். அவருடைய சம்பளத்தில் பாதி ஒரு மறைமுக வரியாகப் போய்விட்டது. ஊதியச் சீட்டில் அப்படி ஒரு பிடித்தம் எங்கும் இருக்காது. ஆனால் வேலைக்குப் போவதன் பயன் பாதியாகிவிட்டது.

இதே திட்டத்தில், ஓராண்டு தள்ளிப்போட்டால் ஓய்வூதியம் 8 சதவீதம் கூடும் என்று ஒரு விதியைச் சேர்ப்போம். அந்த ஓராண்டில் அவர் வாங்காமல் விட்டது 2,40,000 ரூபாய். அதற்கு ஈடாக ஆயுள் முழுவதும் மாதம் 1,600 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 19,200 ரூபாய் கூடுதலாக வரும். பன்னிரண்டரை ஆண்டுகளில் விட்டது திரும்பிவிடும். 73 வயது ஆறு மாதத்தைத் தாண்டி வாழ்ந்தால் அதன் பிறகு வருவதெல்லாம் லாபம். இப்போது வேலையில் நீடிப்பதற்கு முன்பிருந்த தண்டனை இல்லை. கவனிக்க வேண்டியது, இரண்டு திட்டங்களிலும் 60 வயதில் கிடைக்கும் தொகை ஒன்றே என்பதும், இரண்டாவது திட்டம் முதலாவதைவிடத் தாராளமானது என்பதும்தான். தாராளம் கூடியபோது உழைப்பதற்கான காரணமும் கூடியிருக்கிறது. தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

இன்றைய அமெரிக்கத் திட்டம் ஏறக்குறைய இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. அந்த வயதில் 1,000 டாலர் பெறத் தகுதியுள்ள ஒருவர் 62 வயதிலேயே தொடங்கினால் 700 டாலரும், 70 வரை காத்திருந்தால் 1,240 டாலரும் பெறுவார். மேலே சொன்ன 15 டாலர் நிபந்தனை காலப்போக்கில் தளர்ந்து, முழு ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டில் முற்றிலும் நீக்கப்பட்டது. அந்த வயதை எட்டாதவர்களுக்கு மட்டும் இன்றும் வரம்பு உண்டு. 2025இல் ஆண்டுக்கு 23,400 டாலருக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் ஓய்வூதியத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தி வைத்ததை ஈடுகட்டும் வகையில், முழு வயதை எட்டியதும் மாதத்தொகையை உயர்த்திக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அது தெரியாமல் பறிபோனதாகவே பலரும் நினைத்துக்கொள்வதால், வருமானத்தை வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்பவர்கள் தரவுகளில் திரளாகத் தெரிகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட மக்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே அவர்களுடைய முடிவில் எடை பெறுகிறது.

ஜெர்மனி முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1889இல் அந்நாட்டின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கிய முதுமைக் காப்பீடு 70 வயதில் தரப்பட்டது. 1916இல் அது 65 ஆனது. 1972இல் கொண்டுவந்த சீர்திருத்தம், 35 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தவர்கள் 63 வயதிலேயே, முன்கூட்டிப் பெறுவதற்கான எந்தக் கழிவும் இல்லாமல், ஓய்வு பெறலாம் என்றது. அதன் பிறகு 65 வரை உழைத்தால் இரண்டு ஆண்டு ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான உயர்வைப் பெறாமலே உழைப்பதாக ஆகும். மக்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்குள்ளேயே ஓய்வு பெறும் சராசரி வயது சரிந்தது. 1989இல் நிறைவேறி 1992இல் நடைமுறைக்கு வந்த சட்டம், முன்கூட்டிப் பெறும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.3 சதவீதம், ஆண்டுக்கு 3.6 சதவீதம் கழிக்கும் முறையைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின் அந்தச் சராசரி வயது மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

ஜோனதன் குரூபர், டேவிட் வைஸ் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 1990களில் பதினொரு வளர்ந்த நாடுகளின் ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு நாட்டிலும் இந்த மறைமுக வரியை ஒரே முறையில் கணக்கிடச் செய்தார்கள். வரி கூடுதலாக இருந்த பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் 55 முதல் 65 வயது வரையிலான ஆண்களில் வேலையில் இல்லாதவர்களின் பங்கும் கூடுதலாக இருந்தது. அது குறைவாக இருந்த ஜப்பானிலும் அமெரிக்காவிலும் முதியவர்கள் நீண்ட காலம் வேலையில் இருந்தார்கள். பதினொரு நாடுகள் என்பது குறைந்த எண்ணிக்கைதான், நாடுகளுக்கிடையே வேறு வேறுபாடுகளும் ஏராளம். இருந்தாலும் வரைபடத்தில் நாடுகளைக் குறிக்கும் புள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக ஒரே கோட்டில் விழுந்தது ஐரோப்பாவின் பிற்காலச் சீர்திருத்தங்களில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது.

ஒரு நாள் முந்திப் பிறந்தவர்கள்

தொகைக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பை அளக்க இருபதாம் நூற்றாண்டு தந்த மிகச் சிறந்த வாய்ப்பு, ஒரு சட்டப் பிழையிலிருந்து வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 1972இல் ஓய்வூதியத்தை 20 சதவீதம் உயர்த்தியதோடு, 1975 முதல் விலைவாசிக்கு ஏற்ப அது தானாக உயரும்படியும் செய்தது. அந்த வாய்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. ஓய்வூதியம் ஒருவருடைய சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. விலைவாசி ஏறும்போது சம்பளமும் ஏறுகிறது. ஆனால் சம்பளத்தை ஓய்வூதியமாக மாற்றும் விகிதங்களையும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியதால், இன்னும் ஓய்வு பெறாதவர்களுக்கு ஒரே விலையேற்றம் இரண்டு முறை ஈடுசெய்யப்பட்டது. விலைவாசி அமைதியாக இருந்திருந்தால் பெரிய தீங்கு வந்திருக்காது. 1970களின் கடும் விலையேற்றத்தில் புதிய ஓய்வூதியங்கள் யாரும் எதிர்பாராத உயரத்துக்குப் போயின.

1977இல் அந்தக் கோளாறு திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் 1917 ஜனவரி 2 முதல் பிறந்தவர்களுக்குத்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பழைய, உப்பிப்போன வாய்பாட்டிலேயே தொடர்ந்தார்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே சம்பளத்தில் வேலை பார்த்த இருவரில், ஒருவர் 1917 ஜனவரி 1 அன்றும் மற்றவர் மறுநாளும் பிறந்திருந்தால், அவர்களுடைய ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் வேறுபட்டது. 65 வயது வரை வேலையில் இருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு மாதம் நூறு டாலரைத் தாண்டவும் செய்தது. 1917 முதல் 1921 வரை பிறந்தவர்கள் தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 1994இல் ஓர் ஆணையம் அவர்களுக்கு ஈடு எதுவும் தர வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. உண்மையில் முந்தியவர்களுக்குத்தான் அளவுக்கு மீறிக் கிடைத்தது என்பது ஆணையத்தின் வாதம். கணக்கில் அது சரிதான்; அடுத்த வீட்டுக்காரருக்கு வரும் தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது ஆறுதல் தந்திருக்க வாய்ப்பில்லை.

ஆய்வாளர்களுக்கோ இது பரிசு. ஒரு நாள் முன்பின் பிறந்தவர்கள் மற்ற எல்லா வகையிலும் ஒத்திருப்பார்கள். ஓய்வூதியம் மட்டும் வேறு. ஆலன் குரூகரும் ஜோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேவும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரிக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு இந்தத் தலைமுறைகளை ஒப்பிட்டார்கள். ஓய்வூதியம் குறைக்கப்பட்ட தலைமுறையில் வேலை செய்பவர்களின் பங்கு கூடியிருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை, முதிய ஆண்கள் வேலையிலிருந்து விலகும் போக்கு முன்போலவே தொடர்ந்தது. தொகைக்கு அவ்வளவாக ஆற்றல் இல்லை என்ற கருத்துக்கு இந்த ஆய்வு நீண்ட காலம் தூணாக நின்றது.

இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து, அலெக்சாண்டர் கெல்பரும் உடன் ஆய்வாளர்களும், மாதிரிக் கணக்கெடுப்புக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் முழுப் பதிவேடுகளையே எடுத்துக்கொண்டு, அந்தப் பிறந்தநாள் எல்லையின் இரு புறமும் இருந்தவர்களை நெருக்கமாக ஒப்பிட்டார்கள். ஓய்வூதியம் குறைந்த பக்கத்தில் இருந்தவர்கள் முதுமையில் கணிசமாகக் கூடுதலாக உழைத்துச் சம்பாதித்திருந்தது இப்போது தெரிந்தது. ஒரே நிகழ்ச்சியிலிருந்து இரண்டு முடிவுகள் வந்தது தொடக்க வாசகருக்குக் குழப்பமாக இருக்கலாம். முதல் ஆய்வு ஆண்டுவாரியான தலைமுறைகளைச் சில ஆயிரம் பேர் கொண்ட மாதிரிகளில் பார்த்தது. அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்த மற்றவையும் அதில் கலந்துவிடும். இரண்டாவது ஆய்வு எல்லைக்கோட்டின் இரு ஓரங்களையும் நாட்டின் முழு எண்ணிக்கையில் பார்த்தது. எனக்கு இரண்டாவதுதான் நம்பத்தக்கதாகப் படுகிறது.

வயது என்னும் எல்லைக்கோடு

பணக் கணக்கு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்கும் அமெரிக்கத் தரவுகளிலேயே சான்று உண்டு. நியாயமான கழிவும் நியாயமான உயர்வும் உள்ள ஒரு திட்டத்தில் எந்த வயதில் ஓய்வு பெற்றாலும் ஆயுள் கணக்கில் பெரிய வேறுபாடு வராது. அப்படியானால் ஓய்வு பெறுபவர்கள் எல்லா வயதுகளிலும் பரவலாக இருக்க வேண்டும். ஆனால் 62 வயதில் ஒரு திரளும், முழு ஓய்வூதிய வயதில் இன்னொரு திரளும் தெரிகின்றன. 62 வயதில் விலகுபவர்களில் பலர் சேமிப்பு இல்லாதவர்கள். அவர்கள் 60 வயதிலேயே களைத்துப்போயிருந்தாலும், வரப்போகும் ஓய்வூதியத்தை அடகு வைத்துக் கடன் வாங்கச் சட்டம் இடம் தராததால், முதல் காசோலை வரும் வரை வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களைப் பொறுத்தவரை எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட எப்போது கிடைக்கும் என்பதே பெரிது. 65 வயதில் அரசு மருத்துவக் காப்பீடு தொடங்குவதும், அதுவரை முதலாளி தரும் காப்பீட்டை விட முடியாமல் இருப்பதும் இன்னொரு காரணம்.

1983இல் செய்த திருத்தம் முழு ஓய்வூதிய வயதை 1938இல் பிறந்தவர்களிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு இரண்டு மாதம் வீதம் 65இலிருந்து உயர்த்தியது. எந்த வயதில் தொடங்கினாலும் மாதத்தொகை சற்றுக் குறையும் என்பதே இதன் பொருள். 65 வயதில் ஓய்வு பெறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வயது இரண்டு மாதம் உயரும்போதெல்லாம் மக்கள் ஓய்வு பெறும் சராசரி வயதும் ஏறத்தாழ ஒரு மாதம் உயர்ந்தது. இது தொகைக் குறைவை மட்டும் வைத்து எதிர்பார்த்ததைவிடப் பெரிய மாற்றம். அரசு ஒரு வயதைக் குறிப்பிட்டு இதுவே ஓய்வு வயது என்று அறிவிக்கும்போது, மக்கள் அதை ஓர் அறிவுரையாகவே எடுத்துக்கொள்கிறார்கள் போலும்.

வயதை உயர்த்தினால் வேலை தானாகக் கூடிவிடும் என்று அவசரப்படவும் கூடாது. ஆஸ்திரியா 2000, 2003 ஆண்டுகளின் சீர்திருத்தங்களால் முன்கூட்டிய ஓய்வு வயதை ஆண்களுக்கு 60இலிருந்து 62 ஆகவும், பெண்களுக்கு 55இலிருந்து 58 வயது மூன்று மாதமாகவும் உயர்த்தியது. பாதிக்கப்பட்ட வயதினரில் வேலையில் இருப்பவர்களின் பங்கு சுமார் பத்து சதவீதப் புள்ளிகள் கூடியது. ஏறத்தாழ அதே அளவு வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குவோரும் கூடினார்கள். நல்ல உடல்நலமும் நல்ல சம்பளமும் உள்ளவர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். மற்றவர்களில் பலர் ஒரு வாசல் மூடியதும் அடுத்த வாசலில் போய் நின்றார்கள்.

இங்கே எப்படி

இதுவரை பார்த்தவை எல்லாம், உழைப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியத் திட்டத்துக்குள் இருக்கும் நாடுகள். இந்தியாவில் நிலைமை வேறு. அரசு ஊழியர் ஒருவர் எந்த வயதில் ஓய்வு பெறுவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. விதி முடிவு செய்கிறது. தமிழ்நாடு அரசு 2020இல் அந்த வயதை 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியபோது ஊழியர்களின் ஓய்வு வயது முழுமையாக அதோடு நகர்ந்தது. ஓய்வூதியத்தின் தாராளம் இங்கே செயல்படுவது விருப்ப ஓய்விலும், ஓய்வுக்குப் பிந்திய வேலையிலும்தான். தனியார் வேலைக்குப் போனால் ஓய்வூதியத்தில் எதுவும் குறைவதில்லை. மத்திய அரசிலேயே ஒப்பந்த முறையில் மீண்டும் சேர்ந்தால், கடைசியாக வாங்கிய சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்தைக் கழித்து மிஞ்சுவதையே தருவது வழக்கம். முன்பு சொன்ன மறைமுக வரியை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் விதி அரிது.

வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதானதும், வேலையில் இருந்துகொண்டே ஓய்வூதியம் பெறலாம். அந்த வகையில் அது உழைப்புக்குத் தடையாக இல்லை. 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்வு உண்டு. அந்த உயர்வை மட்டும் கணக்கிட்டால், ஓராண்டு விட்ட பணம் திரும்ப 25 ஆண்டுகள் ஆகும் என்பதால், சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தே கிடைக்கும்போது யாரும் காத்திருக்கக் காரணமில்லை. 2014 முதல் இத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்.

அமைப்பு சாராத தொழில்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதியோர் உதவித்தொகையே வழி. தேசிய திட்டத்தின்கீழ் மத்திய அரசு தருவது 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். தமிழ்நாட்டில் மாநில அரசின் பங்கும் சேர்ந்து 2023 முதல் 1,200 ரூபாய் கிடைக்கிறது. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஆக ஒரு மாத உதவித்தொகை நான்கு நாள் கூலியை எட்டவில்லை. வருமான விளைவு இங்கே இல்லாமல் போய்விடுவதில்லை. மாதத்தில் நான்கு நாள் உடம்பு முடியாதபோது வீட்டில் இருக்கலாம் என்ற அளவுக்கு அது சுருங்கிவிடுகிறது. இந்தத் தொகையைக் கூட்டினால் முதியவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று கவலைப்படுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தொகை பெரிதாக இருந்தால் ஏழை நாடுகளிலும் விளைவு பெரிதாகத்தான் இருக்கும். பிரேசில் 1991இல் கிராமப்புற உழைப்பாளிகளுக்கான முதியோர் ஓய்வூதியத்தைக் குறைந்தபட்சக் கூலியில் பாதி என்ற அளவிலிருந்து முழுக் குறைந்தபட்சக் கூலியாக உயர்த்தி, ஆண்களுக்கான வயதை 65இலிருந்து 60 ஆகக் குறைத்தது. வேலையை விட வேண்டும் என்ற நிபந்தனையோ கழிவோ இல்லாதபோதும், ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர்களில் கணிசமானவர்கள் உழைப்பை நிறுத்தினார்கள். அறுபது வயதில் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பவர் ஓய்வு எடுப்பதைத் திட்டத்தின் குறையாக எண்ணுவதா, நோக்கமாக எண்ணுவதா என்பது பொருளாதாரம் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல.

மெக்சிகோ 2007இல் சிறிய ஊர்களில் வாழும் 70 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 500 பெசோ வீதம் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் தொகை பிரேசிலின் அளவுக்குப் பெரிதல்ல. அங்கே முதியவர்கள் கூலி வேலைக்குப் போவது குறைந்தது. ஆனால் அவர்களில் பலர் வேலையை முற்றிலும் விட்டுவிடாமல், சொந்தக் குடும்பத் தொழிலுக்கு மாறினார்கள். வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட மாற்றம் பதிவாகாது.